ஊசி அசையவில்லை

அக்டோபர் 1, புதன்

கோதை. பாட்டு 1. குரல்.
இன்புட் 4½. அவுட்புட் 6. அட்டாக் 3. ரிலீஸ் 7.

இந்த நோட்டில் இதற்கு மேல் எழுதும் வழக்கமில்லை. அடுப்புக்கு ஞாபகம் கிடையாது. எந்தக் குமிழ் எந்த எண்ணில் நின்றது என்று எழுதி வைக்காவிட்டால் மறுநாள் அதே சத்தத்தைத் திரும்பக் கொண்டுவர முடியாது. அதற்காகத்தான் தேதி போட்டு எழுதுவது. இப்படி முப்பத்தோரு நோட்டு சேர்ந்துவிட்டது. ஹபீபுக்கு இந்தத் தொல்லை இல்லை. கம்ப்யூட்டரை மூடிவிட்டுப் போவான், மறுநாள் திறந்தால் எல்லாம் விட்ட இடத்திலேயே இருக்கும்.

இன்று எண்களுக்குக் கீழேயும் எழுதுகிறேன். வாயைத் திறந்தால் சண்டை வருகிறது, அதனால்.

சாலிகிராமத்து ஸ்டூடியோவை மாதக் கடைசியில் காலி செய்கிறோம். ஹபீபும் நானும் பதினேழு வருடம் இருந்த இடம். பக்கத்து வீட்டை இடித்துக்கொண்டிருக்கிறார்கள், அடுத்தது எங்கள் கட்டடமாம். புது அறை வளசரவாக்கத்தில், இதில் பாதி. ஹபீப் அதை டேப் வைத்து அளந்துவிட்டு வந்து, "அமலி, அடுப்புக்கு அங்க எடமில்ல" என்றான். வீட்டில் யாரையோ முதியோர் இல்லத்தில் விடப்போவதைச் சொல்கிற குரலில் சொன்னான்.

அடுப்பு என்று நாங்கள் சொல்வது, பழைய ரேடியோ மாதிரி வால்வு வைத்த ஒரு கம்ப்ரஸரை. சிவப்பு முகப்பு, இன்புட் முதல் ரிலீஸ் வரை நான்கு குமிழ்கள், நடுவில் ஊசி ஆடும் ஒரு மீட்டர், எடை கேஸ் சிலிண்டர் அளவு. பாடுகிறவரின் குரலை அதன் வழியே விட்டால் உரத்த இடத்தை அமுக்கி, கூரான ஓரத்தை மழுக்கி, கொஞ்சம் கதகதப்பைச் சேர்த்துத் திருப்பித் தரும். வேலைக்கு நாற்பது நிமிடம் முன்பே போட்டு வைக்க வேண்டும். மேலே கை வைத்துப் பார்த்து, சுட்டால்தான் வேலையைத் தொடங்குவேன். பெயர் அப்படி வந்ததுதான்.

"அதான் கம்ப்யூட்டருக்குள்ளயே இருக்கே" என்றான். இருக்கிறது. அதே சிவப்பு முகப்பு, தேய்ந்த குமிழ், துருப்பிடித்த திருகாணி எல்லாம் திரையில் வரைந்து, மென்பொருளாக விற்கிறார்கள். படத்தில் இருக்கிற தோசையை நீ தின்னு, எனக்குக் கல்லில் வார்த்தது போதும் என்றேன்.

"ரெண்டுக்கும் வித்தியாசம் உனக்குத் தெரியுதா?" என்று கேட்டான்.

எனக்கா! இருபத்திரண்டு வருடமாக இந்தக் காதை வைத்துத்தான் சோறு தின்கிறேன். டீ குடிக்கப் போய்விட்டேன்.

அக்டோபர் 3, வெள்ளி

பாட்டு 2. குரல்.
இன்புட் 4½. அவுட்புட் 5½. அட்டாக் 3. ரிலீஸ் 6.

ஹபீப் ஜும்மா தொழுகைக்குப் போயிருந்தான். அவன் வருவதற்குள் முடித்து, நானே கோதைக்கு அனுப்பியும் விட்டேன். எப்போதும் அவன்தான் கடைசியாக ஒருமுறை கேட்டுவிட்டு அனுப்புவான். ஒரு தடவை மாறினால் என்ன.

திரும்பி வந்தவன் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே ஓடிவந்தான். "யூ.பி.எஸ். கத்துது, தெரு முனைல எனக்குக் கேக்குது! நீ பாட்டுக்கு ஒக்காந்திருக்க!"

கரண்ட் போயிருந்திருக்கிறது. ஏ.சி. நின்றதைக் கவனித்தேன், வரும் என்று விட்டுவிட்டேன். இன்னும் இரண்டு நிமிடம் போயிருந்தால் கம்ப்யூட்டர் அணைந்திருக்குமாம். வேலையில் மூழ்கியிருந்தேன், கேட்கவில்லை. மூழ்காமல் செய்தால் அது என்ன வேலை?

சபீரா இடியப்பமும் மாசிச் சம்பலும் கொடுத்துவிட்டிருந்தாள். ஹபீபைக் கல்யாணம் செய்துகொண்டு கீழக்கரையிலிருந்து வந்து இருபது வருடம் ஆகியும் மாசிக் கருவாட்டை ஊரிலிருந்துதான் வரவழைக்கிறாள். எனக்கும் தூத்துக்குடி நாக்கு. சண்டையை மறந்து இரண்டு பேரும் சாப்பிட்டோம்.

அக்டோபர் 4, சனி

கோதையிடமிருந்து குரல் செய்தி. கோதை பொள்ளாச்சிப் பெண், ஆறு பாட்டு, எல்லாம் அவளே எழுதி மெட்டுப் போட்டுப் பாடியது. முதல் ஆல்பம்.

"அக்கா, பாட்டு அருமையா வந்திருக்குதுங்க. ஆனா ரெண்டாவது பாட்டுல ச, ஷ வர்ற எடமெல்லாம் காதுல ஊசி வெச்சுக் குத்தற மாதிரி இருக்குதுங்க. எனக்கு மட்டும்தானுங்களா?"

உனக்கு மட்டும்தான். நல்ல ஹெட்ஃபோன் வாங்கிக் கேள் என்று எழுதிவிட்டு, அழித்துவிட்டு, "பார்க்கிறேன் மா" என்று அனுப்பினேன். நான் மறுபடி நான்கு தடவை கேட்டேன். வெண்ணெய் மாதிரி இருக்கிறது.

அக்டோபர் 6, திங்கள்

ஹபீப் அந்தப் பாட்டைக் கோதைக்குத் திரும்ப அனுப்பினானாம். அரை மணியில் பதில்: "இப்ப சரியாயிருச்சுங்கண்ணா!"

"என்னல பண்ணுன?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் பண்ணல. அதே ஃபைலதான் திருப்பி அனுப்புனேன்."

சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. பாடுகிறவர்கள் காதால் கேட்பதே இல்லை, மனதால்தான் கேட்கிறார்கள். மாற்றிவிட்டோம் என்று சொன்னால் போதும், மாறிவிடும். ஹபீப் சிரிக்கவில்லை. அவனுக்கு எப்போதுமே நகைச்சுவை கொஞ்சம் மட்டம்.

அக்டோபர் 7, செவ்வாய்

இன்று பெரிய சண்டை. கொச்சியில் ஒருவர் அடுப்பை வாங்கத் தயாராக இருக்கிறாராம், ஹபீப் என்னைக் கேட்காமலேயே பேசி வைத்திருக்கிறான். நான் நாற்காலியை உதைத்தேன், அது உருண்டு போய் சுவரில் இடித்தது.

கடைசியில் நான்தான் போட்டியை வைத்தேன். கோதையின் மூன்றாவது பாட்டு. நான் அடுப்பில் செய்கிறேன், அவன் கம்ப்யூட்டருக்குள் இருக்கும் நகலில் செய்யட்டும். எது எவருடையது என்று சொல்லாமல் இரண்டையும் அவளுக்கு அனுப்புவோம். என்னுடையதை எடுத்தால் அடுப்பு வளசரவாக்கம் வரும், குளியலறையிலாவது வைத்துக்கொள்வேன். அவனுடையதை எடுத்தால் கொச்சிக்காரர் லாரி கொண்டு வரட்டும்.

"ஆனா ஒண்ணு" என்றேன். "என் ஃபைல நீ தொடக் கூடாது. நானே அனுப்புவேன்."

"நேராவா?"

"நேராத்தான்."

"கடைசில ஒரு தடவ நான் கேட்டுட்டு…"

"தொடக் கூடாதுன்னா தொடக் கூடாதுல!"

அவன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்துக்கொண்டே இருந்தான். "வேணாம் அமலி. வேற எதுலயாச்சும் போட்டி வெச்சுக்கலாம்" என்றான். பயந்துவிட்டான். பயப்படட்டும். காலையில் நான், மதியத்துக்கு மேல் அவன் என்று நேரத்தைப் பிரித்துக்கொண்டோம்.

இடிக்கிற தூசி ஜன்னல் வழியாக வந்து எல்லாவற்றிலும் படிகிறது. என் பழைய சுங்குடிப் புடவையை நாலாக மடித்து அடுப்பின் மேல் போர்த்தினேன். எடுக்கும்போது குமிழில் மாட்டி இழுக்கிறது.

அக்டோபர் 8, புதன்

பாட்டு 3. குரல்.
இன்புட் 5. அவுட்புட் 6. அட்டாக் 2½. ரிலீஸ் 7.

மீட்டரின் ஊசி அசையவில்லை. விரலால் தட்டிப் பார்த்தேன், ஒட்டிக்கொண்டது போல நிற்கிறது. பழையதுதானே, முன்பும் ஒருமுறை இப்படி ஆகியிருக்கிறது. இடம் மாறிய பிறகு மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டும். ஊசியைப் பார்த்தா மிக்ஸ் பண்ணுகிறோம்? காது இருக்கிறது.

அக்டோபர் 10, வெள்ளி

இன்புட் 5½. மற்றவை அப்படியே.

மழை. மொட்டை மாடித் துணி முழுக்க நனைந்து, திரும்பத் துவைத்தேன். மின்சாரக் கட்டணம் கட்டினேன். அட்டைப் பெட்டி கேட்டு மளிகைக் கடையில் நின்றேன், நாளைக்கு வா என்றார் கடைக்காரர்.

ஒன்று கவனித்தேன். மழை விட்டால் ஸ்டூடியோவின் பின்பக்க முருங்கை மரத்திலிருந்து சில்வண்டு காதைக் கிழிக்கும். ரெக்கார்டிங்கையே நிறுத்தியிருக்கிறோம். இந்த வருடம் ஒன்றுகூட இல்லை. எல்லா மரத்தையும் வெட்டினால் அது எங்கே வந்து உட்காரும்? இந்த ஒரு மரம் போதாது போல.

அக்டோபர் 13, திங்கள்

இன்புட் 5½. அவுட்புட் 6½. அட்டாக் 2. ரிலீஸ் 7½.

வந்துவிட்டது! அட்டாக்கை இரண்டுக்கு இறக்கினதும் கோதையின் குரல் ஒரு அடி முன்னால் வந்து உட்கார்ந்தது. 'மழைக்கு முந்தின வெயில்' என்று ஒரு வரி பாடுகிறாள், அந்த வெயில் என்னும் இடத்தில் கழுத்தோரம் சூடு ஏறுகிறது. இதைத்தான் சொல்கிறேன் இத்தனை வருடமாக. எந்த மென்பொருளாவது இதைச் செய்யுமா? அடுப்பின் மேல் கை வைத்தேன், நன்றாகச் சுட்டது. இதை விற்பதாவது! ஆசையாக இரண்டு தட்டுத் தட்டிவிட்டு வந்தேன்.

அக்டோபர் 14, செவ்வாய்

அனுப்பிவிட்டேன். ஹபீபும் அனுப்பினான். என்னுடையது 'அ', அவனுடையது 'ஆ'.

அக்டோபர் 15, புதன்

பதில் இல்லை. போனை இருபது தடவை எடுத்துப் பார்த்தேன். வயர்களை எல்லாம் சுருட்டி நூல் கட்டினேன். ஐந்து மணிக்கு அவிழ்த்துத் திரும்பச் சுருட்டினேன்.

அக்டோபர் 16, வியாழன்

இல்லை.

அக்டோபர் 17, வெள்ளி

'ஆ'.

குரல் செய்தியை அப்படியே எழுதுகிறேன், மறந்துவிட்டேன் என்று நாளைக்கு நானே என்னிடம் புளுகக் கூடாது: "ஏனுங்க, 'அ'வுல குரல் கிட்டத்துல நல்லாத்தான் நிக்குதுங்க. ஆனா முழுசாக் கேக்க முடியலைங்க, மேல அத்தனையும் கூசுது. 'ஆ' நல்லா வார்மா இருக்குதுங்க. ரெண்டுல ஒண்ணுன்னா 'ஆ' தானுங்க."

வார்மாம். படத்தில் இருக்கிற தோசை ஜெயித்துவிட்டது.

ஹபீப் ஜெயித்த மாதிரியே இல்லை. ஜும்மாவுக்குப் போய்விட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, "பொள்ளாச்சில கரண்ட் சரியில்ல, ஏதாச்சும்…" என்று தொடங்கினான். ஆறுதல் சொல்கிறானாம். எழுந்து வந்துவிட்டேன். தோற்றது வலிக்கிறது. அவன் பரிதாபப்பட்டது அதைவிட வலிக்கிறது.

அக்டோபர் 18, சனி

கொச்சிக்காரர் இருபத்தொன்பதாம் தேதி வருகிறார்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. தெருவெல்லாம் வெடி. எனக்குப் பண்டிகை இல்லை, அடுப்பைக் கட்டி வைக்கலாம் என்று காலையிலேயே ஸ்டூடியோவுக்குப் போனேன்.

புடவையை எடுத்து முகப்பைத் துடைத்தேன். அவுட்புட் குமிழுக்குக் கீழே ஒரு சின்ன விசை உண்டு. எழுத்து எப்போதோ அழிந்துவிட்டது. மேலே இருந்தால் குரல் அடுப்புக்குள் போய் வரும். கீழே இருந்தால் உள்ளே நுழையாமல் வாசலோடு திரும்பிவிடும். அதை யாரும் தொடுவதில்லை. வருடக்கணக்காக மேலேயே இருக்கும்.

கீழே இருந்தது.

சுங்குடிப் புடவை! ஏழாம் தேதி போர்த்தினேன், எட்டாம் தேதி எடுக்கும்போது இழுத்தது, அன்றுதான் ஊசி நின்றது. அப்படியானால் என் மூன்றாவது பாட்டு அடுப்பின் வழியே போகவே இல்லை. அப்படியானால் அடுப்பு தோற்கவே இல்லை!

ஆடினேன். நாற்பத்தேழு வயதில், ஆளில்லாத ஸ்டூடியோவில், வெளியே சரவெடி வெடிக்க, தனியாக ஆடினேன். ஹபீபுக்குப் போன் போட்டேன். "போட்டி செல்லாது! விசை கீழ கெடந்துருக்குல! நாளைக்கு வா, மறுபடி பண்ணுவோம்!"

"எத்தன நாளா கீழ இருந்துச்சு?" என்று கேட்டான். "மூணாவது பாட்டு பண்ணுன ஏழு நாளும்" என்றேன். "ஓ" என்றான்.

சாயங்காலம் வீட்டு வாசலில் எதிர்வீட்டுப் பிள்ளைகள் கம்பி மத்தாப்பு கொளுத்தினார்கள். இந்தக் காலத்து மத்தாப்பு சத்தமே போடுவதில்லை. பச்சைப் பட்டாசு என்று எதையோ சொல்கிறார்கள், அதனால்தான் போல. சின்ன வயதில் உஸ்ஸென்று சீறும், அந்தச் சீறலுக்குத்தான் எனக்குப் பயம்.

நான் வேலை செய்த ஏழு நாளும் விசை கீழே இருந்தது. பதின்மூன்றாம் தேதி இந்த நோட்டில் என்ன எழுதியிருக்கிறேன் என்று திருப்பிப் பார்க்கப் போனேன். பார்க்கவில்லை. நாளைக்குப் பார்க்கலாம்.

அக்டோபர் 21, செவ்வாய்

பார்த்தேன்.

காலை எட்டு மணிக்கே போய் அடுப்பைப் போட்டேன். விசையை மேலே தள்ளினதும் ஊசி ஆடியது, நாய்க்குட்டி வாலாட்டுகிற மாதிரி. பாட்டைப் போட்டேன். விசை மேலே, விசை கீழே. மேலே, கீழே. வித்தியாசம் இருக்கிறது. இருக்கத்தானே வேண்டும்.

ஹபீப் வந்ததும், "நான் செவத்தப் பாத்து ஒக்காருதேன். நீ விசைய மாத்து, பத்துத் தடவ. எப்ப மேல, எப்ப கீழன்னு நான் சொல்லுதேன்" என்றேன். அவன் வேண்டாம் என்றான். கத்தினேன். சத்தம் கூடக் குறைய இருந்தால் அதை வைத்தே கண்டுபிடித்துவிடலாம் என்று இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்தான். அவனுக்கு எல்லாம் ஒழுங்காக இருக்க வேண்டும்.

பத்துத் தடவையும் யோசிக்காமல் சட்டென்று சொன்னேன். அவன் தாளில் குறித்தான்.

ஐந்து சரி.

காசைச் சுண்டிப் போட்டிருந்தாலும் அதுதான் வந்திருக்கும்.

"இப்ப நீ ஒக்காருல" என்றேன். அவன் சுவரைப் பார்த்து உட்கார்ந்தான், நான் விசையை மாற்றினேன். ஒவ்வொரு தடவையும் தயங்கி, மெதுவாக, சொல்வதற்கே வெட்கப்படுகிறவன் போலச் சொன்னான். ஒன்பது சரி.

"வால்வுல போனா நல்லாத்தான் இருக்கு அமலி" என்றான் சுவரைப் பார்த்தபடியே. "குரல்ல ஒரு சதப்பிடிப்பு இருக்கு. நகல்ல அது கிட்டத்தட்டதான் வரும். எனக்கு எப்பவும் தெரியும். எடமில்ல, ரிப்பேர் பண்ண ஆளில்ல, அதுக்குத்தான் வேணாம்னேன்."

இத்தனை வருடமாக நான் சொன்னது சரிதான். அதற்குச் சாட்சி சொல்ல என் காது வரவில்லை.

அக்டோபர் 22, புதன்

விடிந்ததிலிருந்து ஒன்று அரித்துக்கொண்டிருந்தது. ஸ்டூடியோவுக்குப் போனதும் கேட்டேன்.

"அன்னைக்கு ரெண்டாவது பாட்டைத் திருப்பி அனுப்புனியே. அதே ஃபைல்தானா?"

அவன் கண்ணாடியைக் கழற்றினான்.

"ஹபீபு."

"இல்ல."

கம்ப்யூட்டரில் ஒரு ஃபோல்டரைத் திறந்து காட்டினான். 'அமலி மேல்' என்று பெயர். உள்ளே நாற்பத்தோரு பாட்டு. இரண்டு வருடமாக நான் முடித்துக் கொடுத்த ஒவ்வொன்றும் இருந்தது. நான் மேல் ஸ்தாயியைக் கூட்டி வைத்திருக்கிறேன், எனக்குக் கேட்கவில்லை என்பதால் கூட்டிக்கொண்டே போயிருக்கிறேன். அவன் கடைசியாக ஒருமுறை கேட்கிறேன் என்று உட்கார்ந்து, அதைச் செதுக்கி எடுத்து, அந்த நகல் அடுப்பின் வழியே விட்டு அனுப்பியிருக்கிறான். அமலி மிக்ஸ் என்றால் சூடு என்று இந்த இரண்டு வருடத்தில் என்னிடம் கை கொடுத்தவர்கள் எத்தனை பேர்! அந்தச் சூடு அவனுடையது. மென்பொருளில் செய்தது.

"ஏம்ல சொல்லல?"

"குரல் எங்க நிக்கணும், வயலின் எவ்ளோ தள்ளி நிக்கணும், அதெல்லாம் உன்ன மாதிரி யாருக்கும் வராது. மேல மட்டும்தான் கொஞ்சம் போயிருந்துச்சு. சொன்னா நீ மறுநாள்லேந்து நாற்காலில ஒக்கார மாட்ட. எனக்குத் தெரியும்."

"முட்டாளாக்கி வச்சிருக்க என்னய."

"ஆமா" என்றான். மறுத்துப் பேசியிருந்தால் அடித்திருப்பேன்.

"போட்டிக்கு மட்டும் ஏன் தொடல?"

"தொடக் கூடாதுன்னு சொன்னியே. வாக்குக் குடுத்துட்டேன். அந்த மூணு நாளும் எனக்கு சோறு எறங்கல."

பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். தெருவில் நடக்கும்போது அழுதேன். மீன் விற்கிற அம்மா கூடையை இறக்கிவிட்டு என்ன ஏது என்று விசாரித்தாள். கால் கிலோ சங்கரா வாங்கிக்கொண்டு வந்து, சமைக்காமல் ஃபிரிட்ஜில் வைத்திருக்கிறேன்.

அக்டோபர் 23, வியாழன்

போகவில்லை. ஹபீப் ஏழு தடவை கூப்பிட்டான்.

அக்டோபர் 25, சனி

காது பரிசோதனை. யாரிடமும் சொல்லாமல் போனேன்.

எங்கள் ரெக்கார்டிங் அறை மாதிரியே சின்ன கண்ணாடி அறை, ஆனால் பாடுகிறவர் உட்காருகிற பக்கத்தில் நான். கையில் ஒரு பொத்தான். சத்தம் கேட்டால் அழுத்த வேண்டும். ஆரம்பத்தில் எல்லாம் கேட்டது, டக் டக்கென்று அழுத்தினேன். பிறகு சுருதி ஏறிக்கொண்டே போயிற்று. மூவாயிரம், நாலாயிரம் ஹெர்ட்ஸ் என்று எனக்கே தெரியும், என் தொழில் அல்லவா. பிறகு ஒன்றும் வரவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சோதிக்கிற பெண்ணின் கை குமிழைத் திருகுவது தெரிந்தது. இப்போது போடுகிறாள் என்று தோன்றியது. ரொம்ப மெல்லிசாக ஏதோ கேட்ட மாதிரியும் இருந்தது. அழுத்தினேன்.

அவள் மைக்கில், "மேடம், நான் இன்னும் சத்தமே குடுக்கல" என்றாள்.

பொய் சொல்லவில்லை, சத்தியமாகக் கேட்டது. அந்த ஏழு நாளும் அப்படித்தான் கேட்டிருக்கிறது. எப்படிக் கேட்க வேண்டும் என்று எனக்கு அவ்வளவு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

3000: குறைவு. 4000: பாதி. 6000: கொஞ்சம். 8000: இல்லை. இரண்டு காதும்.

"திரும்ப வராது மேடம். இருக்கறதக் காப்பாத்திக்கலாம்" என்றாள். நல்ல பெண். வெளியே வந்து ஒரு கரும்புச் சாறு குடித்தேன். பயமாக இருக்கிறது. அதை எழுதிவிட்டால் குறையும் என்று நினைத்தேன், குறையவில்லை.

அக்டோபர் 27, திங்கள்

கோதைக்கு நானே போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். 'அ' என்னுடையது, அடுப்பு அதில் இல்லை, என் காதில் மேல் ஸ்தாயி இல்லை, உன் இரண்டாவது பாட்டைச் சரி செய்தது ஹபீப். வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதென்றால் பார்த்துக்கொள் என்றேன்.

அவள், "எனக்குக் கோவமாத்தான் இருக்குதுங்க அக்கா. ரெண்டு பேருமே எங்கிட்டச் சொல்லியிருக்கோணும்" என்றாள். அப்புறம்: "ஆனா 'ஆ'வுல குரல் பின்னாடி போய் நின்னுக்குதுங்க. 'அ'வுல என்ற பக்கத்துல ஒக்காந்து பாடற மாதிரி இருந்துச்சு. ரெண்டையும் சேத்துக் குடுங்க. ரெண்டு பேரு பேரையும் போடோணும், அது என்ற கண்டிசனுங்க."

அக்டோபர் 29, புதன்

கொச்சிக்காரர் லாரியோடு வந்தார். தோற்றவள் நான், சொன்ன சொல் சொல்தான், தூக்குங்கள் என்றேன். ஹபீப் வாசலை மறித்துக்கொண்டு நின்றான்.

"குடுக்க முடியாது."

"எடமில்லன்னு சொன்னது நீதானல?"

"என் மேசைய வெட்டிச் சின்னதாக்கிட்டேன்."

"எனக்குத்தான் கேக்கலியே, எதுக்கு அது?"

"எனக்குக் கேக்குதுல்ல!" என்று கத்தினான். பதினேழு வருடத்தில் அவன் கத்தி நான் கேட்டதில்லை. இத்தனை வருடச் சண்டையில் இரண்டு பேரும் கட்சி மாறி நிற்கிறோம். கொச்சிக்காரர் டிரைவரிடம் மலையாளத்தில் ஏதோ சொல்லிவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டு போனார். அவரைக் குறை சொல்ல முடியாது.

அக்டோபர் 31, வெள்ளி

மழை விட்ட சாயங்காலம். அறை காலி. அடுப்பைக் கீழே இறக்க ஆட்கள் வர வேண்டும், அதற்காகக் காத்திருந்தோம்.

"பாரேன், இந்த வருசம் ஒரு சில்வண்டுகூட இல்ல" என்றேன்.

ஹபீப் என்னைப் பார்த்தான். பிறகு போனை எடுத்து ஜன்னலுக்கு வெளியே முருங்கை மரத்துப் பக்கம் கொஞ்ச நேரம் நீட்டிப் பிடித்தான். திரும்ப வந்து, பெட்டி மேல் இருந்த லேப்டாப்பில் அதை ஏற்றி, என்னவோ தட்டினான். ஹெட்ஃபோனை என் தலையில் மாட்டிவிட்டான்.

கதவுக் கீல் கிறீச்சிடுகிற மாதிரி ஒன்று. இன்னொன்று. பிறகு பத்து, நூறு. ஒன்று நிறுத்த ஒன்று தொடங்கி, மரம் முழுக்க.

"நாலுல ஒரு பங்கா வேகத்தக் கொறச்சுருக்கேன்" என்றான். "அதான் உனக்குக் கேக்கற எடத்துக்கு எறங்கி வந்துருக்கு. இப்ப இங்க காத அடைக்குது அமலி. நம்ம பேசறதே எனக்கு சரியாக் கேக்கல."

ஹெட்ஃபோனைக் கழற்றினேன். அமைதி. திரும்ப மாட்டினேன். ஆட்கள் வரும் வரைக்கும் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அழுதேன், அவன் பார்த்தான், பரவாயில்லை.

நவம்பர் 3, திங்கள். வளசரவாக்கம்.

கோதை. பாட்டு 3. குரல்.
இன்புட் 5. அவுட்புட் 6. அட்டாக் 2. ரிலீஸ் 7½.
விசை: மேலே. ஊசி: ஆடுகிறது.
திருகியது: அமலி.
கேட்டது: ஹபீப்.